துருப்பிடித்தல்: இரும்பின் கொடுக்கல் வாங்கல் கணக்கு

 

நமது டிரஸ்டுக்கு வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு வரும் மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு: "சீலிங் காரை பெயர்ந்து விழுகிறது, கம்பி வெளியே தெரிகிறது, போன வருடம்தான் பூசினோம், மறுபடியும் விழுகிறது." வாப்பாவோ மகனோ வளைகுடாவில் வருடக்கணக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் கட்டிய வீடுகள் இவை. அந்தச் சீலிங்குக்குக் கீழேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், மாலை வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் 'ஆக்சிஜனேற்றம்', 'ஒடுக்கம்' என்ற இரண்டு சொற்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிறார்கள். எது ஏற்றம், எது ஒடுக்கம் என்று கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

மனுவில் இருக்கும் பிரச்சினையும் பாடப்புத்தகத்தில் இருக்கும் பாடமும் ஒன்றுதான். பிள்ளை பாடத்தைப் புரிந்துகொண்டால், பெற்றோர் பழுதுச் செலவைச் சரியாகச் செய்யலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை. வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டுகிறேன்.

ஏற்றம் எது, ஒடுக்கம் எது?

இந்தச் சொற்கள் முதலில் ஆக்சிஜனை வைத்தே வந்தன. ஒரு பொருளோடு ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம். ஒரு பொருளிலிருந்து ஆக்சிஜன் பிரிந்தால் ஒடுக்கம்.

பூமியில் இரும்பு பெரும்பாலும் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகவே கிடைக்கிறது. உருக்காலையின் ஊதுலையில் கார்பன் மோனாக்சைடு வாயு அந்தத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. தாது ஒடுக்கமடைந்து இரும்பாகிறது. ஆக்சிஜனைப் பெற்ற கார்பன் மோனாக்சைடு ஏற்றமடைந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. இவ்வளவு சூடும் செலவும் வைத்துப் பிரித்தெடுத்த இரும்பு, காற்றும் ஈரமும் கிடைத்தவுடன் மறுபடி ஆக்சிஜனோடு சேரப் பார்க்கிறது. அதுதான் துரு. சுருங்கச் சொன்னால், இரும்பு தான் வந்த தாது நிலைக்கே திரும்பிப் போவதுதான் துருப்பிடித்தல்.

பின்னர் வந்த அறிஞர்கள் இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். இந்த மாற்றங்களில் உண்மையில் கை மாறுவது எலக்ட்ரான் என்று கண்டார்கள். இன்றைய விளக்கம் இதுதான்:

எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம்.
எலக்ட்ரானைப் பெறுவது ஒடுக்கம்.

பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். 'ஏற்றம்' என்ற சொல்லைப் பார்த்து ஏதோ கூடுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். "இழந்தால் ஏற்றம், பெற்றால் ஒடுக்கம்" என்று நான்கே சொற்களில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். ஒருவர் பணம் கொடுத்தார் என்றால் அதை வாங்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் பற்று எழுதினால் மறுபக்கத்தில் வரவு எழுதியே ஆக வேண்டும். அதேபோல எலக்ட்ரானை இழப்பவர் இருந்தால் பெறுபவர் இருந்தே தீர வேண்டும். ஏற்றம் தனியாக நடக்காது, ஒடுக்கமும் தனியாக நடக்காது. வாங்க ஆளில்லை என்றால் கொடுப்பதும் நின்றுவிடும். துருவைத் தடுக்கும் வழிகள் எல்லாம் இந்த ஒரு உண்மையில் அடங்கியிருக்கின்றன.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மயில்துத்தக் கரைசலில் ஒரு சுத்தமான இரும்பு ஆணியைப் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் ஆணியின் மேல் செந்நிறமாகச் செம்பு படியும். நீலக் கரைசல் மெல்ல மெல்ல வெளிறிப் பச்சை சாயும். இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்து ஏற்றமடைந்தது, செம்பு அயனி அதை வாங்கி ஒடுக்கமடைந்தது. இதில் ஆக்சிஜன் வாயுவுக்கு வேலையே இல்லை, ஆனாலும் பெயர் ஆக்சிஜனேற்றம்தான். (மயில்துத்தம் விஷம். வீட்டில் செய்ய வேண்டாம்.)

ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் நடப்பது

இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொட்டின் ஓரம் மெல்லியது. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதாகக் கரைந்து உள்ளே போகும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு.

நடுவில் இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கிறது:

1 இரும்பு அணு → 1 இரும்பு அயனி + 2 எலக்ட்ரான்கள் (ஆக்சிஜனேற்றம்)

அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி ஓரத்துக்கு வருகின்றன. அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது:

1 ஆக்சிஜன் மூலக்கூறு + 2 நீர் மூலக்கூறுகள் + 4 எலக்ட்ரான்கள் → 4 ஹைட்ராக்சைடு அயனிகள் (ஒடுக்கம்)

கணக்கைச் சரிபாருங்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு 4 எலக்ட்ரான் கேட்கிறது, ஓர் இரும்பு அணு 2 தான் கொடுக்கும். ஆகவே ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு 2 இரும்பு அணுக்கள் கரைய வேண்டும். பிறகு இரும்பு அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் தண்ணீருக்குள் சந்தித்துச் சேர்கின்றன. மேலும் ஆக்சிஜன் ஏறி, நீர் கலந்த இரும்பு ஆக்சைடாக, செம்பழுப்பு நிறத்தில் படிகின்றன. அதைத்தான் நாம் துரு என்கிறோம்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் என்ற அறிவியலாளர் இந்தச் சொட்டுச் சோதனையால் புகழ்பெற்றவர். இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, துரு படியும் இடமும் இரும்பு கரையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே லேசாகத் துரு தெரியும் இடத்துக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழி விழுந்திருக்கலாம். இரண்டு, ஆக்சிஜன் குறைந்த மூலை முடுக்குகளில்தான் இரும்பு அதிகம் அரிக்கிறது. வாஷருக்கு அடியிலும், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கிலும், கேட்டின் அடிப்பட்டையிலும் முதலில் ஓட்டை விழுவது இதனால்தான்.

உப்பு ஏன் கெடுதல்? எலக்ட்ரான் இரும்பு வழியாக ஓடினால் போதாது, கணக்கு முடிய அயனிகள் தண்ணீர் வழியாகவும் நகர வேண்டும். உப்புத் தண்ணீரில் அயனிகள் அதிகம் என்பதால் அந்தப் பாதை அகலமாகிறது. அத்துடன் உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இருக்கும் காப்புப் படலத்தையும் துளைக்கும். கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இந்தத் தொல்லை அதிகம்.

அலுமினியச் சட்டியும் ஆக்சிஜனேற்றம் அடைகிறதே, அது ஏன் ஓட்டை விழவில்லை என்று கேட்கலாம். அலுமினிய ஆக்சைடு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொடிப்பொடியாக, நுண்துளைகளோடு இருக்கிறது. ஈரத்தையும் காற்றையும் அது தடுப்பதில்லை.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு சோதனைகள்

முதல் சோதனை: நான்கு கண்ணாடிக் குப்பிகள், உப்புத்தாளால் தேய்த்த நான்கு இரும்பு ஆணிகள் (முலாம் பூசாதவை) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குப்பியில் ஆணி பாதி மூழ்கும்படி சாதாரணத் தண்ணீர். இரண்டாவதில் அதே அளவு உப்புத் தண்ணீர். மூன்றாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஆணி முழுதும் மூழ்க ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு மூடுங்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த காற்று வெளியேறிவிடும், எண்ணெய் புதுக் காற்றைத் தடுக்கும். நான்காவதில் தண்ணீரே இல்லாமல், புதுப் பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைப் போட்டு இறுக மூடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முதல் இரண்டில் துரு இருக்கும், மூன்றிலும் நான்கிலும் அநேகமாக இருக்காது. தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும், ஒன்றை நிறுத்தினாலும் துரு நிற்கும் என்பதைப் பிள்ளை கண்ணால் காணும்.

இரண்டாம் சோதனை: கண்ணாடி டம்ளரின் உட்புறத்தை நனைத்து, லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் தூளைத் தூவி ஒட்ட வையுங்கள். தண்ணீர் உள்ள தட்டில் டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். சில நாட்களில் தண்ணீர் டம்ளருக்குள் ஏறி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு வரும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சுமார் 21 சதவீதம். அதை இரும்பு எடுத்துக்கொண்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது.

இதில் உயிர் காக்கும் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. நீண்ட நாள் மூடிக் கிடந்த இரும்புத் தொட்டி, படகின் மூடிய அறை ஆகியவற்றுக்குள் துரு ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். வாசனையோ புகையோ எதுவும் தெரியாது. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். காற்றைப் பரிசோதிக்காமல், காற்றோட்டம் செய்யாமல், மேலே ஆள் நிற்காமல் எவரும் இறங்கக் கூடாது. படகுத் தொழிலில் இருக்கும் சகோதரர்கள் இதைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி

கான்கிரீட்டுக்குள் ஈரமும் உண்டு, காற்றும் ஓரளவு உண்டு. அப்படியிருந்தும் கம்பி ஏன் உடனே துருப்பிடிப்பதில்லை? சிமென்ட் கடுமையான காரத்தன்மை உடையது. புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அலுமினியத்தின் தோல் போல அதைக் காக்கிறது.

இந்தக் காவல் இரண்டு வழிகளில் உடைகிறது. முதலாவது, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊறிக் காரத்தன்மையைக் குறைக்கிறது. இரண்டாவது, உப்பு. கட்டும்போது உவர் தண்ணீரில் கலவை போட்டாலோ, கடற்கரை மணலைச் சேர்த்தாலோ, உவர் தண்ணீரில் க்யூரிங் செய்தாலோ குளோரைடு உள்ளே போய்விடுகிறது. கடல்காற்றும் மேலிருந்து கொண்டுவருகிறது.

காவல் உடைந்ததும் கம்பியில் கொடுக்கல் வாங்கல் தொடங்கிவிடும். துரு, கரைந்த இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் பிடிக்கும். எடையும் கூடும்: 112 கிராம் இரும்பு துருவானால், அதிலுள்ள நீரைச் சேர்க்காமலே 160 கிராம் ஆக்சைடு கிடைக்கும். கான்கிரீட்டுக்குள் ஏது கூடுதல் இடம்? உள்ளிருந்து நெருக்கி வெடிக்க வைக்கிறது. முதலில் கம்பி போகும் வழியில் நேர்க்கோடாக விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு காரை பெயர்ந்து விழுதல். கட்டடம் பேசும் மொழி இது. விரிசல் நிலையிலேயே கேட்டால் செலவு குறைவு.

பூசியும் ஏன் மறுபடி விழுகிறது?

வழக்கமாக நடப்பது இதுதான். விழுந்த இடத்தில் மட்டும் தட்டிவிட்டு, துருவின் மேலேயே சிமென்ட் பூசி, சுண்ணாம்போ பெயின்டோ அடித்துவிடுகிறார்கள். கம்பியின் பின்புறம் உப்புக் கலந்த பழைய கான்கிரீட் அப்படியே இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் உள்ளே இருக்கும்போது, வாசலில் திரை போட்டால் வியாபாரம் நிற்குமா?

இன்னொரு நுட்பமும் உண்டு. துருப்பிடித்த இடம் எலக்ட்ரானைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதனால் பக்கத்துக் கம்பி வாங்கும் பக்கமாக இருந்து, கரையாமல் தப்பித்திருந்தது. பழுதான இடத்தை மட்டும் சுத்தமாகச் சரிசெய்தால், உப்பு ஊறிய பக்கத்து இடம் இனிக் கொடுக்கும் பக்கமாக மாறிவிடும். பூசிய இடத்தைச் சுற்றி வளையம் போலப் புதுத் துரு வருவதன் காரணம் இது.

சரியான பழுதுபார்ப்பு எப்படி இருக்க வேண்டும்?

1. முதலில் அறையைக் காலி செய்யுங்கள். அதன்கீழ் பிள்ளைகள் தூங்கக் கூடாது. தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.
2. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் பகுதி முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைச் சுற்றியும் பின்னாலும் கை நுழையும் அளவுக்கு, சுத்தமான கம்பி தெரியும் வரை கொத்த வேண்டும்.
3. துருவைக் கம்பி பிரஷ் போட்டோ, மணல் பீய்ச்சியோ பளபளக்கும் வரை நீக்க வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.
4. கம்பிக்கு ஜிங்க் கலந்த பூச்சுக் கொடுத்து, ஒட்டும் பூச்சு தடவி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். உப்பு அதிகம் ஊறிய இடங்களில் கம்பியோடு சிறு ஜிங்க் கட்டிகளைக் கட்டிவைக்கும் முறையும் உண்டு.
5. தளத்தின் மேல் தண்ணீர் தேங்குவதை நிறுத்தாமல் கீழே மட்டும் பூசுவதில் பயனில்லை.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 (2000) வழிகாட்டுகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பிக்கு வெளியே கான்கிரீட் மூடும் தடிமன் சாதாரணச் சூழலில் குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும். கடலோர ஊரில் உப்புக் காற்று நேராகப் படாத இடத்துக்கு 30, கடற்கரைச் சூழலில் திறந்த இடத்துக்கு 45, கடல் நீர்த் துளி படும் இடத்துக்கு 50 மில்லிமீட்டர் என்று அது சொல்கிறது. கவர் பிளாக் வைத்து இந்தத் தடிமனைக் காக்க வேண்டும். கான்கிரீட் போடுவதற்கு முன் போர் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு செலவு பிற்காலத்தில் லட்சங்களை மிச்சப்படுத்தும்.

கொடுக்கல் வாங்கலை நிறுத்தும் வழிகள்

வாங்குபவரைத் தள்ளிவைப்பது: பெயின்டும் எண்ணெயும் கிரீஸும் ஆக்சிஜனையும் ஈரத்தையும் தடுக்கின்றன. இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி, ஈரம் துடைத்து, எண்ணெய் தடவி வைக்கும் உம்மா செய்வதும் இதுதான். பெயின்ட் அடிக்குமுன் பழைய துருவை உப்புத்தாளால் நீக்கி, பிரைமர் கொடுப்பது அவசியம்.

இரும்புக்குப் பதிலாக வேறொருவரைக் கொடுக்க வைப்பது: துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஜி.ஐ. தகட்டில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. வெள்ளீயம் பூசிய எண்ணெய் டின்னில் நேர்மாறு: வெள்ளீயம் இரும்பைவிடக் கொடுக்கத் தயங்கும். ஆகவே கீறல் விழுந்த இடத்தில் இரும்பே வேகமாகக் கரைகிறது. படகுகளின் அடியில் ஜிங்க் கட்டிகளை மாட்டுவதும் துத்தநாகத்தின் இந்தக் குணத்தை நம்பித்தான். அந்தக் கட்டியின் மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது. இந்த யோசனைக்கு வயது இருநூறு. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் வேய்ந்த செம்புத் தகட்டை அரிக்காமல் காக்க அதனோடு துத்தநாகத்தையும் இரும்பையும் இணைக்கலாம் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் கரையாத செம்பின் மேல் கடல் சிப்பிகள் ஒட்டத் தொடங்கின என்பது வேறு கதை.

உலோகத்தையே மாற்றுவது: 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக் காற்றோடு போராடியது. 2022 டிசம்பரில் பாதுகாப்புக் கருதி அதில் ரயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலோக்சேன் பூச்சும், இடுக்கு இல்லாத வெல்டிங் இணைப்புகளும் பயன்படுத்தப்பட்டுள்ளன. சொட்டுச் சோதனையில் படித்த இடுக்குப் பாடம் நினைவுக்கு வருகிறதா? டெல்லி குதுப் மினார் வளாகத்தில், குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும் 7 மீட்டர் உயர, 6 டன்னுக்கு மேற்பட்ட இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாகப் பெரிதாக அரிக்கவில்லை. அந்த இரும்பிலுள்ள கூடுதலான பாஸ்பரஸ் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியது என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார்.

இந்தத் துறையில் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அரிமானம் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று.

பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

*துருப்பிடித்தலில் ஏற்றமடைவது எது, ஒடுக்கமடைவது எது?* இரும்பு ஏற்றமடைகிறது, ஆக்சிஜன் ஒடுக்கமடைகிறது.

*அப்படியானால் ஆக்சிஜனேற்றி எது?* ஆக்சிஜன். பிறரை ஏற்றமடையச் செய்பவர் தாம் ஒடுக்கமடைவார். இதில்தான் மதிப்பெண் போகிறது, கவனம்.

*துருப்பிடித்த ஆணி குத்தினால் துருவினால்தான் ரண ஜன்னி வருகிறதா?* இல்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியால் வருகிறது. புது ஆணி குத்தினாலும் ஆபத்து உண்டு. காயத்தைக் கழுவி, தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலை செய்வோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மொட்டை மாடி, சன்ஷேடு, தூண்களின் அடிப்பகுதி, குளியலறைச் சீலிங் ஆகியவற்றைச் சுற்றிப் பாருங்கள். கம்பி வழியே நேர்க்கோட்டு விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் தேதி போட்டுக் குறித்துவையுங்கள். பூச்சு வேலைக்கு ஆள் பேசுவதற்கு முன் ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். வீடு பழுது மனு கொடுப்பவர்களும் அந்தக் குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், கொடுக்கும் உதவி ஒரு மழைக்காலத்தோடு கரையாமல் நிலைத்து நிற்கும்.



— செயலாளர்